சரிக்கா

சிறிய விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கு ரேடியோவில் வானிலை சொல்லும் மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். விமானிகள் எல்லோருக்கும் அவள் அக்கா. அந்த மேசையை இப்போது புதிதாக வடிவமைக்கிறார்கள். அதற்கு முன் ஒத்திகை. கணினித் திரையில் மலை, மேகம், விமானம் எல்லாம் தயார். விமானியாக நடிக்கத்தான் ஆள் இல்லை.

"அவங்க எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத்தானே அக்கா தெரியும்," என்று வடிவமைப்பாளர் கூப்பிட்டார்.

அவள் ஒத்துக்கொண்ட காரணம் வேறு. ஆறு வருடத்துக்கு முன், அவள் மேசையில் இருந்தபோதுதான், விமானியான அவளுடைய கூடப்பிறந்த தம்பி மேகத்துக்குள் போய் மலையில் மோதினான். என்ன வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பான்? இந்த ஒரு கேள்வி அவளை நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விட்டதில்லை. விமானி இருக்கையில் உட்கார்ந்தாலாவது தெரியாதா என்று ஒரு நப்பாசை.

பக்கத்து அறையிலிருந்து வடிவமைப்பாளர் புது எச்சரிக்கையை வாசித்தார். நாலு வரி, நாற்பது வார்த்தை. ஆளைக் காப்பாற்ற எழுதினார்களா, பரீட்சைக்கு எழுதினார்களா? அக்கா விமானத்தைத் திருப்பவில்லை. இருபது நிமிடத்தில் வீடு. மேகத்தில் வெளிச்சமாக ஓர் இடுக்கு தெரிந்தது, நுழைந்தாள். மலை.

"கொஞ்சம் கடுமையா சொல்லிப் பாக்கறேன்."

சொன்னார். மறுபடியும் மலை.

மூன்றாவது முறைக்கு அவளே எழுதிக் கொடுத்தாள். ஆறு வருடமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். "தம்பி, உன் கால்ல விழறேன். எனக்காகத் திரும்பிடுடா."

படிக்கும்போது வடிவமைப்பாளரின் குரலே தழுதழுத்தது. அக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் இடுக்கு இன்னும் மூடவில்லை, விமானம் சொன்னபடி கேட்கிறது. மேசையில் இருக்கிற அக்காவுக்கு எப்போதும் பயம்தான் என்று, விமானி இருக்கையில் இருந்த அவளே நினைத்தாள். "சரிக்கா," என்றது வாய். கை நேராகவே ஓட்டியது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். காது நன்றாகக் கேட்கிறது, அதுதான் கொடுமை.

வடிவமைப்பாளர் படிவத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார். "இந்தத் தடவை வேலை செஞ்சிடுச்சு!"

"மோதிட்டேனே?"

"அது தனி. மேசை ஒழுங்கா வேலை செஞ்சுதான்னுதான் நாம பாக்கறோம். விமானி எச்சரிக்கையை ஏத்துக்கிட்டாரா, அவ்வளவுதான் கேள்வி. நீங்கதான் சரின்னு சொல்லிட்டீங்களே."

அக்கா சண்டை போடவில்லை. எந்த முகத்தோடு போடுவாள்? பழைய மேசையின் பதிவேட்டிலும் இதே கேள்விக்கு ஒரு கட்டம் இருந்தது. அன்றைக்குத் தம்பியும் "சரிக்கா" என்றுதான் சொன்னான். அதில் 'ஆம்' என்று டிக் போட்டுவிட்டு, அப்பாடா என்று அடுத்த விமானத்தைக் கூப்பிட்டவள் அவள்தான்.