வண்டியிலிருந்து இறங்கிய ஃபிரிட்ஜ்

ஒஹாயோவில் கல்லூரி விடுதிக்குப் போகும் மகள் டெசாவுக்காக, லொரெயின் கடையில் தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். குட்டி ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், கெட்டில் எல்லாம் ஏறியாயிற்று. டோஸ்டருக்கு மட்டும் விடுதியில் தடையாம். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

"ஃபிரிட்ஜை அவளே கொண்டுவரேன்னு ரூம்மேட் மெசேஜ் போட்டிருக்கா, மா."

"முகம் தெரியாதவளை நம்பி இருக்கணுமா? நமக்குன்னு ஒண்ணு இருந்தா, யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்டி."

உயர்நிலைப் பள்ளியில் நாலு வருஷமும் தனியாகவே சாப்பிட்டவள் டெசா. மூச்சைப் பிடித்து ஃபிரிட்ஜைத் தூக்கி அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"போய் நிக்கிறேனே மா. பால் எடுக்கவாவது தினம் அவகூடப் பேசியாகணும்ல?"

லொரெயின் சின்ன மைக்ரோவேவை இறக்கிவிட்டு, இரண்டு தட்டு நுழைகிற பெரியதை எடுத்து வண்டியில் வைத்தாள்.