கொதிகலனில் ஒரு கட்டைவிரல்

1

இந்தக் கதையை எழுத உட்காரவைத்தது கோபம்தான். யார் மேல் என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு நோரிஸ் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி: 'டார்லிங்டன் நகரில், பழைய பித்தளை நீராவி இன்ஜின் பொம்மைகளைச் சேர்க்கும் முதியவர் ஒருவர் வாழ்ந்து வந்—'

சகிக்கவில்லை, அடித்துவிட்டேன். முதியவராம்! அவனுக்கும் எனக்கும் ஒரே வயசு, நாற்பது வருஷமாக ஒரே பொம்மை இன்ஜின் சங்கம்.

2

எங்கள் சங்கத்தில் வெறுங்கையால் பித்தளையைத் தொடக் கூடாது. வியர்வை பட்ட இடம் கறுத்துவிடும். கையுறை இல்லாமல் வருகிறவனை நோரிஸ் வாசலிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவான்.

போன மாதம் அவனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. கண்காட்சிக்குத் தன் இன்ஜினை என்னிடம் கொடுத்தனுப்பினான். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், கொதிகலனின் பின்பக்கம் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. (எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன், இவன் வீட்டில் இந்த லட்சணம்!) எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை மணி நேரம் தேய்த்தேன். ரேகை போயே போய்விட்டது. இன்ஜினுக்கு முதல் பரிசு.

3

இங்கே நோரிஸின் மனைவி டோரீன் வர வேண்டும். முதல் வரைவில் அவளைச் சாந்தமானவளாக எழுதியிருந்தேன். சுத்தப் பொய், அவள் சரியான வாயாடி. சில வருஷம் முன்பு நோரிஸ் அந்த இன்ஜினை வாங்கி வந்த அன்று, கேக் தின்ற கையோடு அதைத் தூக்கியிருக்கிறாள்.*

"ஐயோ, கைய எடுடி!"

"போய்யா. உன்னையே முப்பது வருஷமா வெறுங்கையாலதான் தொடுறேன். கறுத்தா போயிட்ட?"

ஒரு வாரம் அவன் அவளோடு பேசவில்லை. அடுத்த மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அந்த ரேகையை அவன் துடைக்கவே இல்லை. நாங்கள் பார்த்துவிடாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

(* இதையெல்லாம் நான் பரிசுக் கோப்பையோடு போய் நின்ற பிறகுதான் சொன்னான். முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன?)

4

முடிவு ஒன்று: கோப்பையை என் மண்டையில் எறிகிறான். (எறிந்திருக்கலாம். நிம்மதியாக இருந்திருக்கும்.)

முடிவு இரண்டு: "விடுடா" என்று தோளைத் தட்டுகிறா— சீ!

நடந்தது இது. கொதிகலனைத் தடவித் தடவிப் பார்த்தான். கையில் உறை இல்லை.

"கத்தித் தொலையேன்டா!" என்று நான்தான் கத்தினேன்.

"எதால தொடச்ச, கிளிஃப்?"

"மஞ்சத் துணியால."

"அப்ப அந்தக் கறை அதுலதான இருக்கும்? அதையாவது குடுடா. வெள்ளிக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்."

5

கோபம் யார் மேல் என்று இப்போது தெரிந்துவிட்டது. எந்த அழுக்கையும் ஒரு ராத்திரி வீட்டில் வைக்காத இந்தச் சுத்தக்காரன் மேல்தான். துணியை நான் அன்றைக்கே வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி—

இன்று வெள்ளிக்கிழமை. வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்கிறது. துணி என் கையில்தான் இருக்கிறது, புதுசு மாதிரி. நீங்கள் போய்க் கதவைத் திறங்கள். என்னால் முடியாது.