ஐந்தாவது வெங்காயம்

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நோரா கைமணியை அடித்தாள். போட்டித் தட்டுகளை அடுக்க வந்தவர்கள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதற்கான மணி அது. இருபத்தாறு வருடங்களாக அவள்தான் அடிக்கிறாள். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நூறு பேராவது முணுமுணுத்துக்கொண்டே வெளியேறுவார்கள். கடைசி நொடியில் டேலியாப் பூவுக்குள் ஒளிந்த பூச்சியை ஊதித் தள்ளுகிறவர்களை அவள் தோளைப் பிடித்துத் தள்ளவேண்டியிருக்கும். இன்று வெளியேறியவர்கள் பதினாறு பேர். அதில் இருவர் தேநீர்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற வந்தவர்கள்.

தார்ன்பெக் தோட்டக்காரர் சங்கத்தின் ஆண்டுக் காட்சி இப்போது அந்த அளவுக்குத்தான் இருந்தது. மேசைகள் வெறிச்சென்று தெரியக்கூடாது என்று நோரா தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தாள். அப்படியும் வெள்ளைக் காகிதம்தான் அதிகம் தெரிந்தது. பூசணிக்கான போட்டி வகுப்பில் ஒரே ஒரு பூசணி, தனக்குத்தானே போட்டியாக உட்கார்ந்திருந்தது.

சுற்றுவட்டாரத்தில் ஏழு கிராமங்களின் சங்கங்கள் இப்படித்தான் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயின. தார்ன்பெக்கின் முறையும் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். போன இலையுதிர்காலத்தில் கண் மருத்துவர் அவளிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் மட்டும்தான் மிஞ்சும். எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமல், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் அவளுக்கு அது தெரிகிறது. செயலாளராக அடுத்த வருடம் அவளால் காட்சி அட்டைகளை எழுத முடியாது. இன்று பரிசளிப்பு முடிந்து தேநீரோடு நடக்கும் பொதுக்கூட்டத்தில் புதிய செயலாளர் கிடைக்கவில்லை என்றால், சங்க விதிப்படி சங்கம் கலைந்துவிடும். எழுபத்தெட்டு வருடக் கணக்கு அத்தோடு முடிந்தது.

பதினான்கு பேரைக் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குப் பேரன் பேத்தி, ஒருவருக்கு ஸ்பெயினில் வீடு. கடைசியாக மாட்டியவள் ஜெம்மா. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குக் குடிவந்தவள், பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வாய்க்கால் ஓரத்துக் குத்தகைத் தோட்டத்தில் பதினொன்றாம் எண் பாத்தியை, முள்ளும் புதருமாகக் கிடந்ததை, ஒற்றை ஆளாகத் திருத்தினவள். "காட்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன் நோரா, அப்புறம் சொல்றேன்," என்று செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நோரா நான்கு நாளாகத் தூங்கி எழுந்தாள்.

நடுவர் ஹாலிவெல் பத்து மணிக்கு வருவார். அதற்குள், பெயர் தெரியாதபடி அட்டைகள் கவிழ்ந்து இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு வந்தவள், வெங்காய மேசையில் நின்றாள். ஐந்து வெங்காயங்கள் கொண்ட தட்டு, வகுப்பு இருபத்து மூன்று. ஒரு காலத்தில் முப்பது தட்டு வந்த வகுப்பு. இன்று மூன்று.

அந்த வகுப்பின் கோப்பை அவளே கொடுத்தது. அதில் சிரிலின் பெயர் இருந்தது.

சிரில் அவள் கணவன். வெங்காயத்தில் அவனை அடிக்க இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. கடைசி வருடங்களில் அவனுக்கு எல்லாம் நழுவ ஆரம்பித்தது. சாவி, கிழமை, மகளின் பெயர். ஆனால் வெங்காயம் மட்டும் நழுவவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே மேசையில், உரித்த தேங்காய் அளவில் வெண்கலமாக மின்னும் வெங்காயங்களை வைத்தான். நான்குதான் வைத்தான். மணி அடித்தபிறகு அவள் அதைப் பார்த்தாள். ஐந்தாவது மேசைக்கடியில் பெட்டியில் கிடந்தது. கையை நீட்டினால் போதும். செயலாளர் தட்டைத் தொடக்கூடாது என்பது விதி, அந்த விதியை அச்சடித்தவளே அவள்தான். அவள் கையை நீட்டவில்லை. நடுவர் ஒரு அட்டையை வைத்துவிட்டுப் போனார். "அட்டவணைப்படி இல்லை." தட்டு தள்ளுபடி என்று அர்த்தம்.

சிரில் மதியம் முழுவதும் அந்த அட்டை முன்னால் நின்றான். "நோரா, நான் எதுல தப்புப் பண்ணேன்? மண்ணுலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எண்ணிக்கையில் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த பிப்ரவரியில் அவன் போய்ச் சேர்ந்தான். அந்த அட்டை இன்றும் அவள் கைப்பையில் இருந்தது.

இப்போது அவள் மூன்று தட்டுகளையும் பார்த்தாள். முதல் தட்டு கசாப்புக்கடைக்காரருடையது, எப்போதும்போல ஒன்று கோணல். இரண்டாவது ஜெம்மாவுடையது. கழுத்துகளை நாரால் இறுக்கிக் கட்டி, ஐந்தும் ஒரே அளவில், பார்க்கவே பதவிசாக இருந்தது. மூன்றாவதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. ஊரில் சிவப்பு நூல் கட்டுகிறவர் ஒருவர்தான், சங்கத் தலைவர் வால்டர். வயது எண்பத்தொன்று, காது மந்தம், சிரிலோடு ஐம்பது வருடம் சண்டை போட்டுக்கொண்டே நட்பாக இருந்த மனிதர்.

சிவப்பு நூல் தட்டில் நான்குதான் இருந்தன.

கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். தலையைச் சாய்த்து இடமாகப் பார்த்தாள், வலமாகப் பார்த்தாள். நான்கு. குனிந்து மேசைக்கடியில் பார்த்தால், வால்டரின் ஆப்பிள் பெட்டியில், பழைய துண்டுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது.

இவருக்குமா என்று நினைத்தாள்.

நோரா அசடு இல்லை. கணக்கு அவளுக்குப் புரிந்தது. வால்டர் தள்ளுபடியானால் கோப்பை ஜெம்மாவுக்கு. கோப்பை வாங்கின கையோடு அவள் பொறுப்பையும் வாங்கிக்கொள்வாள். சங்கம் பிழைக்க நோரா ஒன்றும் செய்ய வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்தால் போதும். இரண்டு வருடத்துக்கு முன் அதைத்தானே செய்தாள். மதியம் முழுக்க வால்டர் அந்த அட்டை முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். மண்ணுலயா என்று இவரும் கேட்பார்.

வெளியே காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் குனிந்தாள். துண்டை விலக்கி, ஐந்தாவதை எடுத்து, தட்டில் சிவப்பு நூல் வெளிப்பக்கம் தெரிய வைத்தாள். சிரிலுக்குச் செய்யாததைச் செய்துவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. நிமிர்ந்தபோது ஹாலிவெல் கூடத்துக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றி, "குளிரு ஆரம்பிச்சாச்சு," என்றார்.

அவர் வெங்காயங்களைச் சுற்றி வந்தார், அளவுநாடா வைத்தார், கழுத்தை அழுத்திப் பார்த்தார். சிவப்பு நூலுக்கு முதல் பரிசு. ஜெம்மாவுக்கு இரண்டாவது. "ரெண்டுக்கும் நடுவுல மயிரிழைதான் வித்தியாசம். கையில எடுத்தா இது கொஞ்சம் கனமா இருக்கு, அவ்வளவுதான்," என்றார்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. ஜெம்மா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் மகளின் வெங்காயத்தைப் பார்க்க இரண்டு பேருந்து மாறி வந்தவர். இரண்டாம் பரிசு அட்டையைப் பார்த்ததும் மகளின் கையைப் பிடித்து அழுத்தினார். ஜெம்மாவின் முகத்தில் மலர்ச்சிதான் இருந்தது. அதைப் பார்த்ததும் நோராவுக்கு மூச்சு வந்தது. இரண்டும் கெடவில்லை, கிழவரும் தப்பினார், சங்கமும் தப்பும் என்று நினைத்தாள்.

வால்டர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முதல் பரிசு அட்டையைக் கண்டார். சந்தோஷப்படுவார் என்று நோரா காத்திருந்தாள். அவர் முகம் சுண்டிப் போனது. விரலை நீட்டி எண்ணினார்.

"அஞ்சு இருக்கே," என்றார். காது மந்தமானவர்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசும் குரலில். கூடம் முழுக்கக் கேட்டது.

"ஆமா வால்டர், அஞ்சுதான். வாங்க, டீ சாப்பிடலாம்," என்று நோரா அவர் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா சொல்ற? நான் நாலுதானே வெச்சேன். யாரு வெச்சது இத?"

"மெதுவாப் பேசுங்க."

"என்னது?"

"மெதுவா."

"நாலுதாம்மா வெச்சேன். எண்ணி வெச்சேன். எண்பத்தொரு வயசுக் கெழவன் எண்ண மறந்துட்டான்னு விட்டுருவாங்க, கப்பு அந்தப் புள்ளைக்குப் போவும், அவளும் உன் வேலைய எடுத்துக்குவான்னு பாத்தேன். சிரில் கத தெரிஞ்ச ஊருதானே, எவன் சந்தேகப்படப் போறான்? நிசமாவே மறந்த மாதிரி இருக்கட்டுமேன்னுதான் பொட்டியையும் கீழ விட்டேன். எல்லாத்தையும் எவனோ கெடுத்துட்டான்."

நோராவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் தள்ளிப் பார்த்ததால் தெளிவாகத் தெரிந்தது ஜெம்மாதான். இரண்டாம் பரிசு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

"நான்தான் வெச்சேன்," என்றாள் நோரா. பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து ஒரு பொய்க்கே அவளுக்குத் தெம்பு தீர்ந்திருந்தது. "நீங்களும் சிரில் மாதிரி ஆயிட்டீங்கன்னு நெனச்சுட்டேன் வால்டர்."

வால்டருக்கு அது கேட்டது. வேறு எது கேட்காவிட்டாலும் அது கேட்டது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்றவர்கள் பீன்ஸைப் பார்க்கிற சாக்கில் நகர்ந்தார்கள்.

ஜெம்மா கோபப்பட்டிருந்தால் நோரா தாங்கியிருப்பாள். அவள் பணிவாகத்தான் கேட்டாள். "அப்போ இவரு எனக்கு விட்டுக்குடுத்தாரு. நீங்க அத எடுத்து இவருக்குக் குடுத்தீங்க. அப்படித்தானே?"

"ஜெம்மா, நான் உன்ன நெனச்சு..."

"இல்லங்க நோரா. ரெண்டு பேரும் என்ன நெனைக்கல. டிசம்பர்ல வெத போட்டேன். பனி பெய்யற ராத்திரியில நாத்துக்கு வெச்ச ஹீட்டர் அணைஞ்சிருமோன்னு ரெண்டு தடவ எழுந்து போய்ப் பாத்திருக்கேன். சும்மா விட்டிருந்தா என் வெங்காயமே ஜெயிச்சாலும் ஜெயிச்சிருக்கும். அது உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்லையா?"

நோராவுக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

"இப்ப விதிப்படி இவரோட தட்டு தள்ளுபடி. முதல் பரிசு உனக்குத்தான். கோப்பையும்..." என்று நோரா ஆரம்பித்தாள்.

"வேணாங்க," என்றாள் ஜெம்மா. "அதுல உங்க வீட்டுக்காரர் பேரு இருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்." ஐந்து வெங்காயங்களையும் ஒவ்வொன்றாக அம்மாவின் பைக்குள் வைத்தாள். நான்கரை மணி வரை தட்டை எடுக்கக்கூடாது என்பது விதி. நோரா தடுக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் வாசலில் திரும்பி, என்ன நடந்தது என்று முழுதும் புரியாமல், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டத்துக்குப் பதினோரு பேர் இருந்தார்கள். செயலாளர் பொறுப்புக்குப் பெயர் தரும்படி வால்டர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. இன்னொரு முறை கேட்டார்.

"நீயே இன்னும் ஒரு வருஷம் பாத்துக்கயேன் நோரா," என்றார் கடைசியில். "அட்டைய நான் எழுதிக் குடுக்கறேன்."

"என்ன நம்பி இனிமே யாரு தட்டு வெப்பாங்க, வால்டர்?"

அவர் அதற்கு மறுப்புச் சொல்வார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவர் தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கசாப்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். கலைப்பதற்கான தீர்மானம் நான்கு வரியில் முடிந்தது. எழுதும்போது நோராவின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

எல்லோரும் போனபிறகு அவளும் வால்டரும் மேசைகளை மடக்கினார்கள். சிவப்பு நூல் கட்டிய ஐந்தையும் அவர் பெட்டியில் வைத்தார். ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அதையும் உள்ளே வைத்துத் துண்டால் மூடினார். "நல்ல எண்ணத்துலதானே பண்ணோம்," என்றார் போகும்போது. ஆமாம் என்று சொன்னால் அழுதுவிடுவோம் என்று அவள் மேசைக் காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

ஐந்து மணிக்கு, கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லோர்னா சாவிக்கொத்தோடு வந்தாள். கக்கத்தில் கூடத்தின் முன்பதிவுப் புத்தகம், காதில் பென்சில்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? அடுத்த வருஷமும் அதே ரெண்டாவது சனிக்கிழமைதானே? வழக்கம்போல முன்னாடியே எழுதி வெச்சுட்டேன்."

இருபத்தாறு வருடம் இந்தக் கேள்விக்கு அவள் யோசிக்காமல் ஆமாம் சொல்லியிருக்கிறாள். சிரில் சாகக் கிடந்த வருடமும் சொன்னாள்.

"இல்ல லோர்னா. அழிச்சிரு."

லோர்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேசை ஓரத்தில் புத்தகத்தை வைத்து, பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அந்த நாளை அழித்தாள். "எடை குறைக்கிற கோஷ்டி ரொம்ப நாளா ஒரு சனிக்கிழமை கேட்டுட்டிருக்காங்க," என்று சொல்லி, ரப்பர் தூளை ஊதினாள்.

நோரா கோப்பையைத் துணியில் சுற்றி, கைப்பையில் அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள்.