வீட்டுக்குள்ளே சிஸ்டர் வேண்டாம்

நர்சிங் பள்ளியில் அவளை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு வந்த பிள்ளைகளுக்கு நடுவில், கல்யாணமாகி முப்பதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். பாடம் நடத்தும் டீச்சரே ஒருநாள் வாய்தவறி “அக்கா, நீங்க சொல்லுங்க” என்று கேட்டுவிட, வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.

படிக்க அனுப்பியது அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். “ஊரையெல்லாம் மேல ஏத்தி விடுறேன், என் பொண்டாட்டிய ஏத்தி விட மாட்டேனா?” என்று சொல்லி அவனே விண்ணப்பம் வாங்கி வந்தான். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. “புள்ள குட்டின்னு ஒண்ணும் ஆகல, இப்பப் போய் பை தூக்கிட்டுப் பள்ளிக்கூடம்! கேக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?” என்று பாத்திரங்களிடம் கேட்டபடியே பாத்திரம் கழுவினாள். ஆனாலும் மருமகள் காலையில் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கு வாசலில் தயாராக இருக்கும். அதைக் கையில் கொடுக்க மாட்டாள், ‘எடுத்துக்க’ என்றும் சொல்ல மாட்டாள்.

சாயங்காலங்களில் அவன்தான் அவளுக்கு நோயாளி. நாடி பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், தலையிலிருந்து கால்வரை கட்டுப் போட்டுப் பழகுவாள். அவன் கட்டிலில் சவம்போல விறைத்துப் படுத்துக்கொண்டு, “ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியனாம். தைரியமா என்கிட்ட ஆரம்பி, சிஸ்டரம்மா” என்பான். மாமியார் அறைக்குள் எட்டிப் பார்த்து, “உசிரோட இருக்கிறவனை மூட்டை கட்டி வெச்சிருக்காளே!” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படி ஒரு சாயங்காலம் அவன் மேல்கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தோலுக்கு அடியில் தசை தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் அடங்கினால் இன்னோர் இடத்தில் கிளம்பியது.

“என்னங்க இது, உள்ள மோட்டார் ஓடுது?”

“அது கொஞ்ச நாளாவே ஓடுது. ஸ்பேனர் கூடக் கையில நிக்க மாட்டேங்குது. வயசாகுதில்ல?” என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மறுவாரம் நரம்பு நோய்கள் பற்றிய பாடம் வந்தது. தசைக்குப் போகும் நரம்புகள் பட்டுப்போகிற வியாதி ஒன்றைப் பற்றி டீச்சர் சொன்னார். முதலில் கை பிடி தளரும், பெருவிரலுக்குக் கீழே சதை வற்றும், தோலுக்கு அடியில் தசை துடிக்கும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் பேனாவை மூடி வைத்தாள். இருக்காது, இருக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வேலையிலிருந்து வந்த அசதியில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் வலது கையை எடுத்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே, எப்போதும் மேடாக இருக்கும் இடம் பள்ளமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் முடிந்த பிறகு டாக்டர் சுற்றி வளைத்துத்தான் பேசினார். பாடத்தில் கேட்ட அதே வியாதிதான் என்று அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது, ஆனாலும் அவரைத் தடுக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “நாக்கும் போயிடுமா சார்? இவளைக் கிண்டல் பண்ணாம எனக்குப் பொழுது போகாது.” டாக்டர் மேசையிலிருந்த ரிப்போர்ட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

மாமியாரிடம் சொன்னபோது கிழவி நம்பவே இல்லை. “நீ தினமும் அமுக்கி அமுக்கிப் பார்த்துத்தான் அவனுக்கு வந்துச்சு! நோயைப் படிச்சு நோயை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டே!” என்று கத்தினாள். அப்படி யார்மேலாவது பழி போட முடிந்தால் தனக்கும் நன்றாகத்தான் இருக்கும் என்று மருமகளுக்குத் தோன்றியது.

படிப்பை நிறுத்துகிறேன் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் அப்படிக் கோபப்பட்டதில்லை. “நான் சாகப் போறேன்னு நீயும் கூடச் சாகணுமா?” என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் பள்ளிக்கும் வார்டுக்கும் போனாள். பகலில் மாமியார் பார்த்துக்கொண்டாள். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, புரையேறாமல் தலையை முன்னால் சாய்த்து ஊட்டுவது எப்படி என்றெல்லாம் மருமகள் சொல்லிக்கொடுக்க, கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். மறுநாள் பிசகாமல் அப்படியே செய்தாள்.

கை போனது, பிறகு கால். அவன் பயந்தபடியே பேச்சும் குழறத் தொடங்கியது. அவளால் மட்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. வார்டிலிருந்து வந்த சேலையோடு மூச்சை எண்ணுவாள், புண் வந்திருக்கிறதா என்று குதிகாலைத் தூக்கிப் பார்ப்பாள், எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்று மாமியாரைக் குடைவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

“சிஸ்டர்… வேண்டாம்.”

“என்னங்க?”

“வீட்டுக்குள்ள… சிஸ்டர் வேண்டாம். என் பொண்டாட்டி… எங்க?”

அவன் மணிக்கட்டில் இருந்த விரல்களை அவள் எடுத்துவிட்டாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கடைசியில் கட்டிலில் அவன் பக்கத்தில் ஒண்டிப் படுத்துக்கொண்டாள். வகுப்பில் யார் யார் எப்படித் தூங்குகிறார்கள், எந்த டீச்சருக்கு எந்த வார்த்தை வாயில் நுழையாது என்று கதை கதையாகச் சொன்னாள். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகியது. இருமல் அடங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. அவளும் மற்ற மாணவிகளும் பயிற்சி எடுக்கும் அதே வார்டில்தான் அவனைச் சேர்த்தார்கள். மூச்சுக்குழாயில் குழாய் வேண்டாம் என்று அவன் முன்பே டாக்டரிடம் சொல்லியிருந்தான். சளி உறிஞ்சும் மெஷினை நோக்கி அவள் கை தன்னால் போனது. வார்டு சிஸ்டர் அவள் தோளைப் பிடித்தார்.

“நீ இன்னைக்கு டியூட்டில இல்லம்மா. அதை நாங்க பார்க்கிறோம். அவர் பக்கத்துல உக்காரு.”

கட்டிலின் இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் அவள். கூடப் படிக்கும் சின்னப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே திரையை இழுத்துவிட்டாள். அவன் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறாள். மாமியாருக்குத் தெரியாது. “தூங்குறான் பாரு. நல்லா தூங்கட்டும்” என்று மகன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய்க்கு இன்னும் கொஞ்ச நேரம் மகன் தூங்கிக்கொண்டே இருக்கட்டும் என்று மருமகள் விட்டுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் வந்தபோது மூச்சு நின்றது.

காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு, ஒரு காலையில் மாமியார் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அத்தை கிளம்பிட்டீங்க?”

“மக வீட்டுக்கு. அவனே போயிட்டான், இங்க எனக்கென்ன வேலை? உனக்கு வயசிருக்கு, படிப்பிருக்கு. நான் எதுக்குக் குறுக்க?”

“போக வேண்டாம்.”

“பாவம் பார்க்காத. எனக்கு யாரும் பாவம் பார்க்க வேண்டாம்.”

“பாவம் பார்த்துச் சொல்லல அத்தை” என்றாள் அவள். “பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா கதவைத் தொறக்க ஒரு ஆள் வேணும். பூட்டுல சாவியப் போட்டுத் தொறந்து, உள்ள யாரும் இல்லாம… என்னால ஆகாது.”

மாமியார் கையிலிருந்த சேலையை மறுபடியும் மடித்தாள். பிறகு, “பஸ்ஸுக்கு நேரமாகலையா உனக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் யூனிஃபார்ம் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். வார்டில் அன்றைக்கு அவளுக்குக் குழந்தைகள் பகுதி. கிளம்பி வரும்போது மாமியார் பையைப் பிரித்தாளா இல்லையா என்று பார்க்கவில்லையே என்ற நினைப்பு வேலைக்கு நடுவே வந்து வந்து போனது.

சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்தவள் பையிலிருந்த சாவியை எடுக்கவில்லை. கதவைத் தட்டினாள். உள்ளே செருப்பில்லாத காலடிச் சத்தம் மெதுவாக நெருங்கி வந்தது.