மேற்குச் சுவர் ரோஜா

என் கணவர் டெரிக் அலுவலகத்திலிருந்து ஒரு பென்சிலைக்கூட எடுத்து வந்ததில்லை. ஆனால் பழைய மாளிகைத் தோட்டம் எதற்குள் நுழைந்தாலும் மனுஷனுக்குக் கை அரிக்கும். இங்கே பாதிப் பேர் அப்படித்தான். நுழைவுச்சீட்டு வாங்கி, தோட்டக்காரருக்கு வணக்கம் சொல்லி, ஆள் அசந்த நேரம் பார்த்து ஒரு குச்சியை ஒடித்துக் குடைக்குள் போட்டுக்கொள்வார்கள், வீட்டில் நட்டு வளர்க்க.

“ஜில்லி, திருட்டு முழி முழிச்சு மாட்டி விட்டுடாத,” என்பார்.

வெதர்லி மாளிகையின் மேற்குச் சுவரில் படர்ந்திருந்த, பேர் தெரியாத ரோஜா அப்படித்தான் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வந்தது. இருபத்திரண்டு வருடம் பூத்தது. போன மே மாதம் டெரிக் போய்விட்டார். ஜூனில் அந்தச் சனியன் ஒன்றுமே நடக்காத மாதிரி ஜன்னலை அடைத்துக்கொண்டு பூத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேரோடு தோண்டி எரித்துவிட்டேன்.

அன்றிலிருந்து வெறும் சுவரைப் பார்த்தபடி பாத்திரம் கழுவுகிறேன். எனக்கு அவர் வேண்டும். அவர்தான் கிடைக்கமாட்டார், அந்தப் பூவாவது கிடைக்கட்டும் என்று இன்று தனியாக பஸ் ஏறி வந்தேன். கைப்பையில் கத்தரியும் ஈரத்துணியும் இருந்தன.

மேற்குச் சுவரில் ஒரு பேரிக்காய் மரம்தான் நின்றது. சுவர் நெடுக நடந்து தேடினேன்.

“என்ன தேடுறீங்க, மேடம்?” தள்ளுவண்டியோடு வந்தவரின் சட்டையில் ‘நெவில், தலைமைத் தோட்டக்காரர்’ என்று இருந்தது.

“இங்க ஒரு ரோஜா இருந்துச்சே?”

“அது பட்டுப்போய் எட்டு வருஷமாச்சு. வேற எங்கயும் இல்லாத ரகம். குச்சி திருடினவங்க யார் வீட்லயாவது உயிரோட இருக்காதான்னு வர்றவங்களை எல்லாம் கேக்குறேன். ஒருத்தராவது ஒத்துக்கணுமே! ஊர்ல எல்லாரும் பெரிய யோக்கியங்க.” என்னைக் கூர்ந்து பார்த்தார். “உங்ககிட்ட இருக்கா? சத்தியமா திட்டமாட்டேன்.”

இல்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். “என் வீட்டுக்காரர் எடுத்தார்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. “நாளைக்கே வர்றேன்! ஒரே ஒரு குச்சி போதும்.”

“எரிச்சுட்டேன். அவர் செத்த அடுத்த மாசம். நானேதான்.”

நெவில் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பரவாயில்ல, மேடம்,” என்றார். “மழை வரும்போல இருக்கு.” பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். “நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அது போயிடுச்சு. வாசனை எப்படி இருக்கும்? அதையாவது எழுதி வச்சுக்கிறேன்.”

எவ்வளவோ யோசித்தேன். காலையில் ஜன்னலைத் திறப்பேன். டெரிக் பின்னாலிருந்து வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான்.

“சவரச் சோப்பு வாசனை,” என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.