கஞ்சி போட்ட பலூன்

பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்யாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஊரில் நாகேந்திரன் லுங்கியை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்த பவர்லூம் அத்தனையிலும் பலூன் துணி ஓட்டினான். ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்?

மெட்ராஸ் பொருட்காட்சியில் ஒரு வெள்ளைக்காரன் சூடான காற்று அடைத்த பலூனில் கூடையோடு மேலே போனதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு அதே பித்து. காகிதத்தில் செய்தான், எரிந்தது. துணியில் செய்தான், காற்று நிற்கவில்லை. கடைசியில் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியையே கெட்டியாகக் காய்ச்சி, தைத்த துணியின் இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்தான். நூலுக்கு நூல் இருந்த சந்தெல்லாம் அடைந்துபோனது.

பங்குனி வெயிலில், தறிக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கேஸ் அடுப்பும் மூங்கில் கூடையுமாக ஏரிக்கரையில் மேலே போனான். பனைமரங்கள் காலுக்குக் கீழே போயின. தூரத்தில் திருத்தணி மலை தெரிந்தது. இறங்கியபோது அழுதுகொண்டிருந்தான். கேட்டவர்களிடம் புகை என்றான்.

சேதி கேட்டு மெட்ராஸிலிருந்து பல்பொடிக் கம்பெனி மேனேஜர் ஜெகநாதன் காரில் வந்தார். "ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணில எங்க கம்பெனி பேர் போட்டுப் பறக்க விடுங்க. பறந்துச்சுன்னா திருவிழா நடக்கிற ஊருக்கெல்லாம் ஒரு பலூன். எல்லாம் நீங்கதான் செய்யணும்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? வழக்கமாகச் சரக்கு எடுக்கிற வியாபாரி கோதண்டத்திடம், இனி லுங்கி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். பறந்தால் பலூன் பாக்டரி முதலாளி. பறக்காவிட்டால் தறி ஓட்ட வேலையில்லை.

மனைவி கோமளவல்லிதான் பயந்தாள். "பாவா, ஆடி மாசத்துல மானம் இருட்டினா பாவ சுருட்டிகினு உள்ள ஓடறோம். இத்த மட்டும் எப்டி மானத்துல கட்டுவீங்க?"

"வேற தேதி கேட்டா அந்தாளு வேற ஆளப் பாத்துடுவாரு. வாய மூடிகினு தையி!"

கஞ்சிக்கு ஈரம் ஆகாது என்பது தறி வீட்டில் பிறந்த எவனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கத்தினான்.

ஆடிக் கிருத்திகை அன்று காலை வெயில் நன்றாகவே அடித்தது. மலையடிவாரத்தில் பலூன் எழுந்து நின்றது. வயிற்றில் சிவப்பாகப் 'பல்பொடி' என்ற எழுத்து. காவடிக் கூட்டம் அண்ணாந்து அரோகரா போட்டது. நாகேந்திரன் கூடைக்குள் ஒரு காலை வைத்தான்.

தூறல் போட்டது. பெரிய மழைகூட இல்லை, தலைமுடி நனைகிற அளவுதான். அதற்கே கஞ்சி ஊறி இளகிச் சொட்டியது. ஜெகநாதனின் வெள்ளைச் சட்டையில் பட்டை பட்டையாக வழிந்தது. காற்று இறங்கி, பலூன் தரையில் உட்கார்ந்தது.

"அம்மனுக்கு ஊத்தறது போய் முருகனுக்கும் கூழ் ஊத்தறாங்கடா, சொம்பு எடுத்தாங்க!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். ஜெகநாதன் காரில் ஏறினார்.

கோமளவல்லி பலூனைப் பிரித்து, அலசி, மறுபடி கஞ்சி போட்டு லுங்கியாகத் தைத்தாள். கோதண்டம் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "கஞ்சி நல்லா ஏறிக்கீது. இத மாதிரியே போட்டுக் குடுப்பா." எழுத்து இருந்த துண்டுகளை மட்டும் அவர் எடுக்கவில்லை. அந்த லுங்கிகளை நாகேந்திரனே கட்டிக்கொண்டு திரிந்தான். அன்று அந்தப் பாராட்டைக் கேட்டபோது அவனுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

தைக் கிருத்திகைக்கு முன்னால் ஜெகநாதன் மறுபடி வந்தார்.

"பம்பாய்ல இருந்து நைலான் பலூன் வந்திருக்கு. கயிறு பிடிச்சுப் பழகின ஆளுங்க உங்க ஊர்லதானே இருக்காங்க? நீங்களும் வாங்க."

போகாமல் இருந்திருக்கலாம். பலூனைப் பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த லுங்கியில் பாதி அழிந்த 'பல்' என்ற எழுத்தோடு அதே அடிவாரத்தில் கயிற்றைப் பிடித்து நின்றான். நைலான் பலூன் யாரோ ஒருவனைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

"மழையே வந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் ஜெகநாதன்.

நாகேந்திரன் அண்ணாந்து பார்த்தான். மலைக்கு மேலே பொட்டு மேகம் கிடையாது. காய்ந்த காற்று. இந்த வெயிலுக்கு அவன் பலூன் நின்றிருக்கும்.

கயிறு உள்ளங்கையை அறுத்தது.

"கெட்டியாப் பிடிங்க, விட்டுடாதீங்க!" என்று ஜெகநாதன் கத்தினார்.

"ஆங், புடிச்சிகினுதாங்க கீறேன்," என்றான் நாகேந்திரன்.