கால்தடம் இல்லாத வீடுகள்

பூமியை மேலிருந்து பார்த்தவர்கள் இதுவரை இரண்டே பேர் என்றும், அதில் கடவுள் மூத்தவர் என்பதால் அவர் பெயரை முதலில் சொல்வதே முறை என்றும் பல்தசார் கியாவு சொல்வான். வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. மெக்சிகோ நகரத்தில் துறவிகளின் பள்ளியில் ஆறு வருஷம் இருந்து, குன்றுக்கு நிழல் போடவும் தூரத்து மரத்தைச் சின்னதாக்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவன். சுற்றுவட்டாரத்தில் மூன்று நாள் நடைக்குள் அவனைப் போல நிலப்படம் எழுதுகிறவன் வேறு யாருமில்லை. முன்பு நாலு பேர் இருந்தார்கள்; பெருங்காய்ச்சலில் போய்விட்டார்கள். அதை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய ஓவியர்களின் பேச்சு வந்தாலே அவன் முகம் கோணும். பாதை என்றால் அதன்மேல் குட்டிக் குட்டியாகக் கால்தடங்களை வரிசையாகப் போடுவது அவர்கள் வழக்கம். "பாதைக்கு எதுக்குடா காலு? ஆட்டை வரைஞ்சா புழுக்கையையும் எண்ணி எண்ணி வரைவியா?" என்று கேட்பான். அவனுடைய பாதைகள் இரண்டு நேர்கோடுகள். நாட்டை ஆளவந்த ஸ்பானியர்கள் அப்படித்தான் போடுகிறார்கள்.

அந்த வருஷம் தோன் லோப்பே என்ற ஸ்பானிய மாட்டுப்பண்ணைக்காரர், அமேயாபன் பள்ளத்தாக்கைத் தனக்குக் கொடுக்கும்படி மனுப் போட்டிருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு அங்கே மனிதவாடையே கிடையாது, ஆளில்லாத நிலம், மாடாவது மேயட்டும் என்பது மனு. அங்கே பதினொரு வீடும் ஒரு ஊற்றும், அந்த ஊற்றை நம்பிய சோளக்கொல்லைகளும் இருந்தன. நிலத்தைப் படமெழுதித் தரும் வேலை பல்தசாருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் நீதிபதி படத்தை விரிப்பார். மொழிபெயர்ப்பாளன் அதைப் படித்துச் சொல்வான். படம் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு.

சனிக்கிழமை காலையில் அவன் மனைவியின் அக்கா மக்தலேனா சோளமாவை மடலில் சுற்றி அவித்த தமாலே ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு வந்தாள். அமேயாபனில் ஊற்றுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. கூடையை இறக்காமலே படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நாங்கல்லாம் எப்ப செத்தோம் மாப்பிள்ளே?"

"என்ன மதினி, வந்ததும் வராததுமா."

"வீடு இருக்கு, வாசல்ல ஒரு தடம்கூட இல்லே. குடும்பத்தோட போயிட்டாதானே இப்படி எழுதுவாங்க? பதினொரு வீட்டையும் எழவு வீடாக்கி வச்சிருக்கீங்களே."

"அது அந்தக் காலத்து ஆளுங்க எழுதறது. உங்க வீட்டுச் சுவர்ல நிழல் எப்படி விழுந்திருக்கு பாருங்க. அசல் சாயங்கால நிழல்."

"நிழல் தண்ணி மொள்ளுமா? நாளைக்குப் படிக்கப் போறது யாரு? எர்னாந்தோதானே? அவன் அப்பன் பழைய எழுத்துக்காரன். தடமில்லாத வீட்டைப் பார்த்தா அவன் வாயில என்ன வரும்? 'ஆளில்லே துரை'ன்னு வரும்."

"நீதிபதி ஸ்பானியரு. அவருக்கு என் எழுத்து புரியும்."

"அவர் படத்தைப் பார்ப்பாரா, எர்னாந்தோ வாயைப் பார்ப்பாரா?"

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஆனால் அது அவளுக்குச் சாதகமான பதில் என்பதால் சொல்லவில்லை. "என் கைக்குக் கால்தடமெல்லாம் வராது மதினி" என்றான்.

"சரி" என்றாள். கூடையோடு திரும்பிப் போனாள். தமாலேயும் போயிற்று.

உச்சிவேளைக்கு அமேயாபன் முழுவதும் அவன் முற்றத்துக்கு வந்தது. நாற்பத்து மூன்று பேர். யாரும் சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. வரிசையாக முற்றத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். முதலில் மக்தலேனா, கடைசியில் ஒரு காலை இழுத்துக்கொண்டு கயிறு திரிக்கும் தொமிங்கோ. பல்தசார் கதவைச் சாத்திக்கொண்டான். சாத்திய கதவு வழியாகவும் நடை கேட்டது. மற்றவர்களின் தப்படி, அதன் பின்னால் ஒரு 'சர்ர்'. சுற்றிச் சுற்றி அதே சர்ர்.

ஜன்னலைத் திறந்தான். "எதுக்கு இந்த ஊர்வலம்? போய்ச் சாப்பிடுங்க எல்லாரும்!"

"உயிரோட இருக்கோம்னு காட்டறோம்" என்றாள் மக்தலேனா, நடந்துகொண்டே. "நீங்க எழுதுங்க, நாங்க சாப்பிடறோம்."

"ஹுவானா எங்கே?"

ஹுவானா அவன் மனைவி. வரிசையில் ஒன்பதாவது ஆளாக இருந்தாள். அவனைப் பார்க்காமல் கடந்து போனாள். ஜன்னலைச் சாத்தினான்.

வெயில் சாயும்போது தோன் லோப்பேயின் குதிரை வந்தது. நடப்பவர்கள் குதிரைக்கு வழிவிட்டார்கள், நடையை விடவில்லை. அவர் உள்ளே வந்து, ஒரு உருண்டைப் பாலாடைக்கட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, படத்தின்மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியது.

"அடடா! எங்க ஊர் செவில்லாவுலகூட இப்படி ஒரு கை கிடையாதுப்பா. இந்த நிழல் ஒண்ணு போதும்."

ஒரு ஸ்பானியன் வாயிலிருந்து இதைக் கேட்பதற்காக பல்தசார் ஒன்பது வருஷமாகக் காத்திருந்தான்.

"ஒரு கோடுகூட மாத்தாதே" என்றார் தோன் லோப்பே. "வெளியே அதுங்க ஏதோ சுத்துதே, அதைப் பார்த்து மனசு இளகிக் காலு கையின்னு எதையும் போட்டுடாதே. என் நிலத்துக்கு அந்த அசிங்கமெல்லாம் வேண்டாம்."

"கால்தடத்தைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா இந்த நாட்டுல நிலம் வாங்கறேன். அதுகூடத் தெரியாமலா?" அவன் தோளில் தட்டிவிட்டுக் குதிரையேறிப் போனார்.

கிடைத்த பாராட்டை எங்கே வைப்பதென்று பல்தசாருக்குத் தெரியவில்லை. பாலாடைக்கட்டியை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தான். மேஜையில் படம் தனியாகக் கிடந்தது. நிழல் மிக நன்றாகத்தான் இருந்தது. பதினொரு வாசலும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. வெளியே யாரோ ஒரு குழந்தை அழுதது; யாரோ அதை இடுப்பு மாற்றிக்கொண்டார்கள்; நடை நிற்கவில்லை.

இருக்கிறதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து மையில் தோய்த்தான். ஊற்றுக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தடம். குதிகால், பாதம், ஐந்து விரல். இரண்டாவது தடம் ஊற்றைப் பார்த்து. மூன்றாவது. கைக்கு வராது என்றது பொய். அவன் அப்பாவிடம் முதலில் கற்றது அதைத்தான். வீடு வீடாகப் போனான். ஊற்றுக்கு, கொல்லைக்கு, சந்தைக்கு, தேவாலயத்துக்கு என்று அவனுடைய நேர்கோடுகளுக்குள் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். வெளிச்சம் குறையக் குறையப் படத்தின் பக்கம் குனிந்துகொண்டே போனான்.

கடைசி வீட்டில் தூரிகை நின்றது. ஜன்னலை ஒரு விரல்கடை திறந்தான்.

"மதினி."

"என்ன?"

"தொமிங்கோ எந்தக் காலை இழுத்து நடப்பான்?"

"இடது."

ஜன்னலைச் சாத்திவிட்டு, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு, இடது தடத்தைக் கொஞ்சம் நீட்டி எழுதினான்.